இரண்டு சட்டைகளுக்கு வெளியே

(மெல்பர்னில் தமிழ் வாசகர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2015 ஜூன் 17 இரவு, இதே ஊரின் எம்.சி.ஜி. மைதானத்தில் 91,513 பேர் கூடி ரக்பி லீக் ஆட்டம் ஒன்றைப் பார்த்தார்கள். நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதும் ‘ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்’ ஆட்டம் அது. அந்தப் போட்டியின் வரலாற்றில் அதைவிடப் பெரிய கூட்டம் சிட்னியிலும் கூடியதில்லை, பிரிஸ்பேனிலும் கூடியதில்லை. ஆனால் மெல்பர்னில் பிறந்து, மெல்பர்னிலேயே வளர்ந்து, இங்குள்ள புல்தரையிலேயே ஆடக் கற்ற ஒரு பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அந்த ஆட்டத்தில் எந்தப் பக்கமும் நிற்க முடியாது. அப்பா முன்னாள் ஆரிஜின் வீரராக இருந்தால்தான் உண்டு. மற்றபடி அவன் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட பையன்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஓர் ஆட்டம் வேரூன்றாத ஊரில் பிறந்தவனுக்கு அந்த ஆட்டத்தின் உயர்ந்த சட்டை கிடைக்குமா? கிடைத்தால் யாருடைய சட்டையாக அது இருக்கும்?

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கண்டியிலும் கொழும்பிலும் பிராட்பி கேடயப் போட்டி பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது ரக்பி யூனியன். நான் சொல்வது அதிலிருந்து பிரிந்துபோன தம்பி. 1895 ஆகஸ்ட் 29 அன்று, இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கு இங்கிலாந்தின் கிளப்புகள் கூடித் தனிச் சங்கம் அமைத்தன. சண்டை கூலி பற்றியது. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவன் சனிக்கிழமை ஆட வந்தால் அரைநாள் கூலி போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டலாமா கூடாதா என்பதில் தெற்கின் கனவான்களும் வடக்கின் தொழிலாளர்களும் பிரிந்தார்கள். பிரிந்தவர்கள் ஆட்டத்தையும் மாற்றிக்கொண்டார்கள். அணிக்கு 13 பேர். பந்து வைத்திருக்கும் அணியை எதிரணி ஆறு முறை மடக்கிவிட்டால் பந்து கைமாறும். நம் கபடிக்காரனை இந்த மைதானத்தில் விட்டால் முதல் பத்து நிமிடத்திலேயே அவனுக்கு ஆட்டம் பிடிபட்டுவிடும். பந்துதான் அவனுக்குத் தொந்தரவாக இருக்கும்.

1908-இல் சிட்னியில் போட்டித் தொடர் தொடங்கியது. பிரிஸ்பேனும் சீக்கிரமே சேர்ந்துகொண்டது. ஆனால் ஆஸ்திரேலியா முழுவதும் அது பரவவில்லை. வரலாற்றாசிரியர் இயன் டர்னர் 1978-இல் ஓர் உரையில் இந்த நாட்டின் குறுக்கே ஒரு கற்பனைக் கோடு கிழித்துக் காட்டினார். கோட்டுக்கு வடகிழக்கே ரக்பி, தென்மேற்கே ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து, அதாவது நீங்கள் ‘ஃபூட்டி’ என்று சொல்வது. பாராசிக் கோடு என்று அதற்குப் பெயர். விக்டோரியா, தென் ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா, தாஸ்மானியா நான்கும் கோட்டுக்கு அந்தப் பக்கம். ரக்பி லீக் நிர்வாகத்தின் ஏடுகளில் இந்த மாநிலங்களுக்கும் வட பிரதேசத்துக்கும் ‘இணைப்பு மாநிலங்கள்’ என்று பெயர். உறவுக்காரர்கள்தான், ஆனால் பந்தியில் கடைசி வரிசை.

இனி ஆரிஜின் போட்டிக்கு வருகிறேன். அது பிறந்த கதை தெரியாமல் அதன் விதியைக் குறைசொல்வது நியாயமாகாது.

1980-க்கு முன்பு, எந்த மாநிலத்துக் கிளப்பில் ஆடுகிறாயோ அந்த மாநிலத்துக்கு ஆட வேண்டும் என்பது விதி. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நியூ சவுத் வேல்ஸில் 1956-இலேயே கிளப்புகளில் சூதாட்ட இயந்திரங்கள் சட்டப்படி அனுமதிக்கப்பட்டுவிட்டன. அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிட்னி கிளப்புகள் குயின்ஸ்லாந்தின் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வாங்கிக்கொண்டு போயின. போனவர்கள் அடுத்த பருவத்தில் நியூ சவுத் வேல்ஸின் நீலச் சட்டை போட்டுச் சொந்த ஊரையே அடித்தார்கள். 1959-க்குப் பிறகு குயின்ஸ்லாந்து ஒரு தொடரைக்கூட வெல்லவில்லை. எழுபதுகளின் இறுதியில் அந்தத் தொடரைப் பார்க்க ஆள் வராத நிலை வந்துவிட்டது.

இதற்கான மருந்து வேறோர் ஆட்டத்திலிருந்து வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃபூட்டி வீரர்களை மெல்பர்ன் கிளப்புகள் இதே போல வாங்கிக்கொண்டிருந்தன. 1977 அக்டோபர் 8 அன்று பெர்த்தில், ‘எங்கே ஆடுகிறாய் என்பதைப் பார்க்காமல் எங்கிருந்து வந்தாய் என்பதைப் பார்ப்போம்’ என்று சொல்லி ஓர் ஆட்டம் நடத்தினார்கள். மேற்கு ஆஸ்திரேலியா விக்டோரியாவை 94 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றது. குயின்ஸ்லாந்து ரக்பி லீக்கின் தலைவராக இருந்த செனட்டர் ரான் மெக்காலிஃப் அந்த யோசனையைப் பிடித்துக்கொண்டார். 1980 ஜூலை 8, பிரிஸ்பேன் லாங் பார்க். முதல் இரண்டு ஆட்டங்களைப் பழைய விதிப்படி நியூ சவுத் வேல்ஸ் ஏற்கெனவே வென்று தொடரை முடித்துவிட்டது. மூன்றாவதை மட்டும் சோதனையாகப் பிறப்பிட விதியில் ஆடினார்கள்.

அன்று குயின்ஸ்லாந்தின் கேப்டன் ஆர்தர் பீட்சன். ரோமா என்ற உள்நாட்டு ஊரில் பிறந்த பூர்வகுடி மனிதர். 1973-இலேயே ஆஸ்திரேலியாவுக்குத் தலைமை ஏற்று, எந்த விளையாட்டிலும் இந்த நாட்டு அணிக்குத் தலைமை தாங்கிய முதல் பூர்வகுடி வீரர் ஆனவர். அதுவரை மாநிலப் போட்டியில் அவர் அணிந்தது நியூ சவுத் வேல்ஸ் சட்டை. சொந்த ஊரின் மெரூன் சட்டை கையில் கிடைத்தபோது அவருக்கு வயது 35. பரமட்டா கிளப்பில் தன்னோடு ஆடும் மிக் க்ரோனினையே அன்று முட்டி மோதினார் என்ற கதையை பிரிஸ்பேன் மதுக்கடைகளில் இன்றும் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஆட்டம் 20-10, குயின்ஸ்லாந்து வெற்றி.

ஆக, ஆரிஜின் விதி ஓர் அநீதிக்குப் பரிகாரமாக வந்தது. பணக்கார மாநிலம் ஏழை மாநிலத்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போவதை அது நிறுத்தியது. இதில் கசப்பான வேடிக்கையும் ஒன்று உண்டு. பரிகாரம் பெர்த்திலிருந்து இரவல் வாங்கப்பட்டது. அந்தப் பெர்த் நகரத்துப் பிள்ளைக்கு அந்தப் பரிகாரத்தில் பங்கு இல்லை. இரண்டே வாசல் உள்ள வீட்டைக் கட்டி, அதற்கு ‘பிறப்பிடம்’ என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டார்கள். ஒவ்வொரு மனிதனுக்கும் பிறப்பிடம் உண்டு என்பதை அன்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை; நினைத்துப் பார்க்க வேண்டிய தேவையும் அப்போது இருக்கவில்லை.

தேவை பிறகு வந்தது. ஆரிஜினின் ஆரம்பகால விதி, முதன்முதலில் பெரியவர்களின் ஆட்டத்தை எங்கே ஆடினாய் என்று கேட்டது. கிரெக் இங்கிலிஸ் நியூ சவுத் வேல்ஸின் கெம்ப்ஸியில் பிறந்து பௌராவில் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். படிப்புக்கும் ஆட்டத்துக்குமாக பிரிஸ்பேன் போனார். 2006-இல் குயின்ஸ்லாந்துச் சட்டையில் இறங்கி முதல் ஆட்டத்திலேயே இரண்டு ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டார். ஓய்வு பெறும்போது ஆரிஜின் வரலாற்றிலேயே அதிகமாக 18 ட்ரை அவர் கணக்கில் இருந்தன. நீலச் சட்டைக்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிப் புலம்புவார்கள். எனக்கு அந்தப் புலம்பலில் அவ்வளவு அனுதாபம் கிடையாது. இருபது வருடம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் ஒருமுறை கொடுத்துத்தான் பார்க்கட்டுமே.

ஜேம்ஸ் மெக்மேனஸ் கதை வேறு மாதிரி. ஸ்காட்லாந்தின் வடகோடியில் தர்ஸோ என்ற ஊரில் பிறந்து, சிறுவயதில் வட பிரதேசத்துக்கு வந்து, அங்கே வளர்ந்தவர். நியூகாசில் கிளப்பின் விங்கரானார். 2009-இல் நியூ சவுத் வேல்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. பிறந்த ஊரும் வளர்ந்த ஊரும் அந்த இரண்டு மாநிலத்திலும் இல்லை. ஆனாலும் ஏதோ ஒரு பக்கம் அவரைக் கணக்கில் எழுதியாக வேண்டும், எழுதினார்கள். அவர் நன்றாகவே ஆடினார். ‘இவர் எந்த வகையில் நம்ம ஊர்க்காரர்?’ என்ற கேள்வியை மட்டும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தோளில் சுமந்துகொண்டு போனார்.

அடுத்து ஜேம்ஸ் டமோ. நியூசிலாந்தின் பாமர்ஸ்டன் நார்த்தில் பிறந்து, பதின்ம வயதில் ஆஸ்திரேலியா வந்தவர். 2010-இல் நியூசிலாந்து மாவோரி அணிக்கு ஆடியவர், 2012-இல் நியூ சவுத் வேல்ஸுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஆடினார். டாஸ்மன் கடலின் இரண்டு கரையிலும் சத்தம் எழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் விதியைத் திருத்தி எழுதினார்கள். அந்த மாநிலத்தில் பிறந்திருக்க வேண்டும். அல்லது 13 வயது நிறைவதற்கு முன் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அல்லது தந்தை அந்த மாநிலத்துக்கு ஆரிஜின் ஆடியிருக்க வேண்டும். வேறு நாட்டுக்கு ஆடுவது பற்றிய பகுதிகள் அவ்வப்போது மாறும். அடிப்படை இதுதான்.

இந்த விதி ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்தது. இனி யாரும் பதினேழு வயதில் வந்து இறங்கி ‘நானும் உங்க ஊர்தான்’ என்று சொல்ல முடியாது. அதே வீச்சில், இனி வட பிரதேசத்து டார்வின் பையன் ஒருவனுக்கு மெக்மேனஸ் நுழைந்த அந்தச் சந்துகூட இல்லாமல் போயிற்று.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். முதலாவது பணம். ஓர் ஆரிஜின் ஆட்டத்துக்கு வீரருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 30,000 ஆஸ்திரேலிய டாலர், ஆண்டுக்கு மூன்று ஆட்டங்கள். இரண்டாவது, பார்வையில் படுவது. ஆஸ்திரேலிய அணியைத் தேர்ந்தெடுப்பவர்கள் கண்கொட்டாமல் பார்ப்பது இந்த மூன்று ஆட்டங்களைத்தான். விக்டோரியாவில் வளர்ந்தவன் ஆஸ்திரேலியாவுக்கு ஆட எந்தச் சட்டத் தடையும் கிடையாது. ஆனால் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே விடாமல், ‘தேர்ச்சி பெறத் தடை எதுவும் இல்லை’ என்று சொன்னால் அதற்கு என்ன பொருள்?

மூன்றாவதுதான் பெரியது: அந்தப் பையன் வேறு கொடியைத் தேடுகிறான். மெல்பர்ன் ஸ்டார்ம் கிளப் 1998-இல் ஆடத் தொடங்கி, 1999-இலேயே கோப்பையை வென்றது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் அந்தக் கிளப்பின் முதல் அணியில் ஆட 2012 வரை ஆயிற்று. மஹே ஃபொனுவா அவர். டோங்கா வம்சாவளிக் குடும்பம். பிறகு இங்கிலாந்து போய் ஹல் எஃப்.சி.க்காக ஆடி, 2017 சாலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தில் இரண்டு ட்ரை போட்டு வெல்ல வைத்தார். சர்வதேச ஆட்டத்தில் அவர் அணிந்தது டோங்காவின் சிவப்புச் சட்டை. நல்ல சட்டைதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாட்டன் ஊர் டோங்காவாகவோ சமோவாவாகவோ அமையாத மெல்பர்ன் பிள்ளைக்கு அப்படியொரு சட்டையும் இல்லை. இந்த அறையில் இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

‘இருக்கட்டுமே, அங்கெல்லாம் ஆட ஆளே இல்லை, ஆள் வந்த பிறகு சட்டையைப் பற்றிப் பேசலாம்’ என்பது நிர்வாகிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். அதற்கு நான் உங்களைக் கொஞ்ச நேரம் வேறு காலத்துக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

1904 ஏப்ரல் 5, இங்கிலாந்தின் விகன் நகரம். வடக்கத்திச் சங்கம் பிரிந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. சர்வதேச ஆட்டம் நடத்த ஆசை, ஆனால் எதிரே நிற்க எந்த நாட்டிலும் சங்கம் இல்லை. என்ன செய்தார்கள்? தங்கள் கிளப்புகளில் பிழைக்க வந்திருந்த வேல்ஸ்காரர்களையும் ஸ்காட்லாந்துக்காரர்களையும் சேர்த்து ஓர் அணி கட்டினார்கள். ‘பிற தேசத்தார்’ என்பதுதான் அந்த அணியின் பெயர். ஓல்டம் கிளப்பின் ஸ்காட்டிஷ்காரர் ஜார்ஜ் ஃப்ரேட்டர் கேப்டன். அன்று அணிக்குப் பன்னிரண்டு பேர் வைத்துப் பார்த்தார்கள். பிற தேசத்தார் 9-3 என்று இங்கிலாந்தை வென்றார்கள். ரக்பி லீக்கின் முதல் சர்வதேச ஆட்டத்தை வென்றது, ஆட்டம் வேரூன்றாத ஊர்களிலிருந்து வந்தவர்களைச் சேர்த்துக் கட்டிய அணி. நாலு வருடத்தில், 1908-இன் முதல் நாளில், வேல்ஸ் தன் பெயரிலேயே அபெர்டேர் நகரில் நியூசிலாந்தை எதிர்த்து ஆடி 9-8 என்று வென்றது. ஆள் சேரட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. சட்டை முதலில் வந்தது.

வேல்ஸ் யூனியன் ரக்பியின் கோயில். அங்கிருந்து லீக் ஆட வடக்கே போனவனுக்கு ஊரில் வாழ்நாள் தடை. பழைய கிளப்பின் வாசற்படி மிதிக்க முடியாது. அப்படியும் போனார்கள். ஜிம் சல்லிவன் கார்டிஃபிலிருந்து 1921-இல் பதினேழு வயதில் விகன் போனவர், பிரிட்டனின் கேப்டன் ஆனார். கஸ் ரிஸ்மன் 1946-இல் ஆஸ்திரேலியா வந்த பிரிட்டிஷ் அணிக்குத் தலைமை தாங்கினார். ஆஸ்திரேலிய மண்ணில் ஒரு டெஸ்ட் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் திரும்பிய அணி அது.

அதே 1946 பயணத்தில் இடம்பெறாத ஒருவரையும் சொல்ல வேண்டும். ராய் ஃபிரான்சிஸ், வேல்ஸின் பிரைன்மார் ஊரில் வளர்ந்த கறுப்பின வீரர். ஆட்டத் திறமையைப் பார்த்தால் அந்தக் கப்பலில் அவர் ஏறியிருக்க வேண்டும். ஏற்றவில்லை. ஆஸ்திரேலியா அப்போது வெள்ளையர் நாடு என்ற கொள்கையைக் கையில் வைத்திருந்ததுதான் காரணம் என்று வரலாறு எழுதுபவர்கள் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு, 1947-இல், பிரிட்டனுக்கு ஆடிய முதல் கறுப்பின ரக்பி லீக் வீரரானார். பின்னால் ஹல் எஃப்.சி.யின் பயிற்சியாளராகி, பிரிட்டிஷ் தொழில்முறை விளையாட்டில் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவர் என்ற பெயரையும் பெற்றார். ‘எங்கிருந்து வந்தவன்’ என்ற கேள்வி, ‘என்ன நிறத்தவன்’ என்ற கேள்விக்கு எவ்வளவு சுலபமாக முகமூடியாகிவிடும் என்பதை மறக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவரை இங்கே நிறுத்திச் சொல்கிறேன்.

பில்லி பாஸ்டன் கார்டிஃப் துறைமுகத்தின் டைகர் பே பகுதிக்காரர். கார்டிஃபுக்கும் வேல்ஸுக்கும் யூனியன் ஆட வேண்டும் என்பதுதான் அவருடைய கனவு. தன் தோல் நிறத்துக்கு அந்தக் கதவு திறக்காது என்று புரிந்துகொண்டார். 1953-இல் விகன் கிளப் 3,000 பவுண்டு கொடுத்து அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் அப்போது ராணுவச் சேவையில் இருந்தார். முதல் அணியில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களே ஆடியிருந்த அவரை, 1954-இல் ஆஸ்திரேலியப் பயணத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வாளர்களுக்குத் துணிச்சல் என்றால் அதுதான். பையன் அந்தப் பயணத்தில் 36 ட்ரை போட்டான். விகனுக்கு மட்டும் மொத்தம் 478. 2025-இல் அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. ரக்பி லீக் வரலாற்றில் அந்தப் பட்டம் பெற்ற முதல் மனிதர், தொண்ணூறு வயதில்.

அவருக்குப் பின் கிளைவ் சல்லிவன், கார்டிஃபின் ஸ்ப்ளாட் பகுதி. 1972 உலகக் கோப்பையை பிரிட்டனின் கேப்டனாக லியோன் நகரில் வாங்கியவர். எந்த விளையாட்டிலும் பிரிட்டிஷ் தேசிய அணிக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. லங்காஷைரும் யார்க்ஷைரும் ‘எங்கள் ஆட்டம்’ என்று மார்தட்டும் இந்த ஆட்டத்தின் சிலைகளில் கார்டிஃப்காரர்களும் நிற்கிறார்கள். பாஸ்டன், கிளைவ் சல்லிவன், ரிஸ்மன் மூவருக்கும் சேர்த்து 2023-இல் கார்டிஃப் விரிகுடாவிலேயே சிலை வைத்தார்கள். ஊர் தன் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொள்ள இத்தனை காலம் ஆயிற்று.

வேல்ஸ் கதை முழுக்க வெற்றிக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 1995-இல் யூனியனும் பணம் கொடுக்கத் தொடங்கியது. வடக்கே வந்தவர்களில் பெயர்பெற்ற ஜொனதன் டேவிஸ் கார்டிஃபுக்குத் திரும்பினார். அதே வருட உலகக் கோப்பையிலும் 2000 கோப்பையிலும் வேல்ஸ் அரையிறுதி வரை வந்தது. பிறகு அந்த உயரத்தை எட்டவில்லை. யூனியன்காரர்களை வாங்கி நிரப்பிய அணி அது. ஊரில் பிள்ளைகள் ஆடும் கிளப்புகளை யாரும் கட்டவில்லை. சட்டை முதலில் வர வேண்டும் என்று சொன்னேன். சட்டை மட்டும் போதாது என்பதையும் அதே வேல்ஸ்தான் சொல்லிக்கொடுக்கிறது.

சரி, நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். பாப்புவா நியூ கினியில் ரக்பி லீக்தான் தேசிய விளையாட்டு. ஆரிஜின் இரவில் அங்கே தெருவுக்குத் தெரு நீலமும் மெரூனும்தான். ரபௌல் நகரில் பிறந்து சிறுவயதில் பிரிஸ்பேன் வந்த ஏட்ரியன் லாம், 1995-இல் குயின்ஸ்லாந்துக்கு ஆடினார். அதே ஆண்டு உலகக் கோப்பையில் பாப்புவா நியூ கினியின் கேப்டனாகவும் நின்றார். இரண்டு சட்டையும் அவருக்குப் பொருந்தியது, யாருக்கும் அதில் துரோகம் தெரியவில்லை. ஜஸ்டின் ஓலம் கதை வேறு. சிம்பு மாகாணத்து மலைக் கிராமத்தில் வளர்ந்து, லே நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். பி.என்.ஜி. ஹண்டர்ஸ் அணியில் ஆடிய பிறகு நம்ம ஊர் ஸ்டார்முக்கு வந்தார். 2020-இல் சாம்பியன், 2021-இல் ஆண்டின் சிறந்த சென்டர் விருது. அந்த இடத்தில் அவரைவிடச் சிறந்தவர் இல்லை என்று தீர்ப்பளிக்கப்பட்ட ஆண்டிலும் ஆரிஜின் இரவில் அவர் பார்வையாளர்தான். லாமுக்கும் ஓலமுக்கும் இடையில் உள்ள வேறுபாடு திறமை அல்ல, குடும்பம் விமானம் ஏறிய வயது.

இதனால் ஓலம் வருந்த வேண்டுமா? அவருக்கு நாடு இருக்கிறது, அதன் சட்டை இருக்கிறது. அதற்கு மதிப்பு வந்ததும் அண்மையில்தான். 2017-இல் ஜேசன் டௌமலோலோ நியூசிலாந்தையும் ஆண்ட்ரூ ஃபிஃபிட்டா ஆஸ்திரேலியாவையும் விட்டு டோங்காவுக்கு ஆட முடிவெடுத்தார்கள். பலர் சிரித்தார்கள். நவம்பர் 11 அன்று ஹாமில்டனில் டோங்கா நியூசிலாந்தை 28-22 என்று வென்றது. 2019-இல் ஆஸ்திரேலியாவையே 16-12 என்று வீழ்த்தியது. 2022-இல் நடந்த உலகக் கோப்பையில் சமோவா, இங்கிலாந்தை 27-26 என்று அரையிறுதியில் வென்று இறுதிக்குப் போனது. அந்த அணியின் ஜரோம் லுவாயும் பிரையன் டோஓவும் நியூ சவுத் வேல்ஸின் ஆரிஜின் வீரர்கள். சிட்னியின் மேற்குப் புறநகர்ப் பையன்கள். சிட்னிக்காரனாகவும் சமோவாக்காரனாகவும் ஒரே வருடத்தில் இருக்கலாம் என்று விதி ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதும் சர்வதேச ஆட்டமே உயிர்பெற்றது.

என் கருத்துக்கு வருகிறேன். ஆரிஜினுக்குள் விக்டோரியாவையும் மேற்கு ஆஸ்திரேலியாவையும் எப்படியாவது நுழைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது இரண்டு மாநிலங்களின் பங்காளிச் சண்டை. பெர்த் பையனுக்கு நீலச் சட்டை மாட்டி ‘நீயும் சிட்னிக்காரன்’ என்று சொல்வது அவனுக்கும் பொய், சிட்னிக்கும் பொய். அந்த இரண்டு மாநிலம் தங்கள் சண்டையைத் தாங்களே வைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் அந்தச் சண்டையை மெல்பர்னுக்கும் பெர்த்துக்கும் அடிலெய்டுக்கும் கொண்டுவந்து டிக்கெட் விற்கிறார்களே, அதற்கு ஒரு கடன் உண்டு. பெர்த்தில் 2019, 2022, 2025 என்று மூன்று முறை நடந்தாயிற்று. அப்படி நடக்கும் ஒவ்வொரு முறையும் அதே வாரத்தில், அதே மைதானத்தில், இணைப்பு மாநிலங்களின் கூட்டு அணி ஒன்று பாப்புவா நியூ கினியையோ ஃபிஜியையோ எதிர்த்து ஆட வேண்டும். தொலைக்காட்சியில் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியத் தேர்வாளர்கள் அதற்கும் வந்து உட்கார வேண்டும். இணைப்பு மாநிலங்களுக்குள் சாம்பியன்ஷிப் என்று ஒன்று ஏற்கெனவே உண்டு. அது நடப்பது இந்த அறையில் எத்தனை பேருக்குத் தெரியும்? முதல் சில வருடம் கூட்டு அணி படுதோல்வி அடையும். அடையட்டும். ஃபிஜிக்கும் அப்படிக் காலம் இருந்தது; 2017-இல் அதே ஃபிஜி வெலிங்டனில் நியூசிலாந்தை 4-2 என்று வெளியே அனுப்பியது.

பணம் இல்லை என்று சொல்ல வழியில்லை. பாப்புவா நியூ கினி அணி ஒன்று 2028-இல் தேசியப் போட்டித் தொடரில் சேர, பத்தாண்டுகளுக்கு 600 மில்லியன் டாலர் தர ஆஸ்திரேலிய அரசு 2024-இல் ஒப்புக்கொண்டது. சீனாவை மனத்தில் வைத்துச் செய்த செலவு என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் நான் அதை வரவேற்கிறேன். பெர்த் பேர்ஸ் கிளப் 2027-இல் களமிறங்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. 1995-இல் வெஸ்டர்ன் ரெட்ஸ் என்ற கிளப்பை அதே ஊரில் தொடங்கி மூன்றே பருவத்தில் மூடினார்கள். வெளியூரிலிருந்து வீரர்களை இறக்கி நிரப்பிய கிளப்பை மூடும்போது அழ உள்ளூரில் ஆள் இருக்காது. உள்ளூர்ப் பையன் ஒருவன் அதில் வளர்ந்து, தன் ஊர்ப் பெயர் எழுதிய சட்டையில் ஒரு பெரிய ஆட்டம் ஆடியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கடைசியாகப் பெற்றோருக்கு. உங்கள் பிள்ளை ரக்பி லீக் ஆட ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். தலையில் அடிபட்டால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் கூட்டிப்போகும் கிளப்பா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். பதின்மூன்று வயதுக்குள் சிட்னியில் ஒரு முகவரி காட்டினால் பிற்காலத்தில் உதவும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதற்குப் பதிலாக உங்கள் கிளப்பின் ஆண்டுக் கூட்டத்துக்குப் போய், விக்டோரியாவின் மாநில அணி இந்த ஆண்டு எங்கே, யாரோடு, எந்தத் தேதியில் ஆடுகிறது என்று எழுந்து கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு.